முழங்கால் உயர முகூர்த்தக்கால்

மூங்கில் என்றால் வானத்தைக் குத்த வேண்டும். பந்தலுக்கு ஆக வேண்டும், ஏணிக்கு ஆக வேண்டும், ஒன்றுக்குமே ஆகாவிட்டால் துணி காயப்போடவாவது ஆக வேண்டும். இது லெட்சுமியம்மாளின் முடிந்த முடிவு. அவருடைய மூத்த மகள் லோகேஸ்வரியோ, முழங்கால் உயரம்கூட எட்டாத, ஸ்ட்ரா பருமன்கூட இல்லாத ஒரு தொட்டிச் செடியைக் காட்டி, இதுவும் மூங்கில்தான் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் வாயால் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கென்றே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்க டாக்டருக்குப் படிக்குது, வக்கீலுக்குப் படிக்குது. எங்க வீட்டுல ஒண்ணு புல்லுக்குப் படிக்குது" என்று லெட்சுமியம்மாள் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் கீரைக்காரரிடம் சொன்னார். கீரைக்காரர் மீன்காரரிடம் சொன்னார். மீன்காரர் சொல்லாத ஆள் கோலாலம்பூரில் பாக்கி இல்லை. ஒருமுறை முன்பின் தெரியாத டாக்சிக்காரரே லோகேஸ்வரியிடம், "நீங்கதானே அந்தப் புல்லு அக்கா?" என்று கேட்டுவிட்டு மீட்டரைப் போட்டார்.

புல்தான். அதில் லோகேஸ்வரிக்கு வழக்கே கிடையாது. மூங்கில் மொத்தமும் புல்லின் வம்சம். அந்த வம்சத்தில் உயரமாக வளர்ந்து கட்டையாகிற மூங்கில்களை உலகத்துக்கே தெரியும். வெப்பக் காடுகளின் நிழலில், தண்டு கட்டையாகாமல், பெரணிச்செடி மாதிரி குட்டையாக ஒதுங்கிக் கிடக்கிற இன்னொரு கிளை இருப்பது யாருக்கும் தெரியாது. அந்தக் குட்டைகளின் மரபணுவை எடுத்து, யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குப் பங்காளி, எவர் எப்போது தனிக்குடித்தனம் போனார் என்று வம்சாவளி வரைவதுதான் அவள் வேலை. கிட்டத்தட்ட எல்லாக் குட்டைகளும் அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் கூட்டுக்குடும்பமாக வாழ்கின்றன. ஒன்றே ஒன்று மட்டும் எல்லோருக்கும் முன்னால் பிரிந்து, நியூ கினித் தீவில் தன்னந்தனியாகக் குடியிருக்கிறது.

தலைவலி அங்கேதான் ஆரம்பம். தெலுக் பங்லிமா காராங் சாலையோரத்து நர்சரி ஒன்றில் அவள் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய ஒரு குட்டை, ஆய்வில் இருபத்தேழாம் எண், அமெரிக்கக் கூட்டத்தில் சேராமல் அந்த நியூ கினி ஒண்டிக்கட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நர்சரிக்காரரைக் கேட்டால், "மரக்கப்பல்ல வேலை பார்த்த பையன் ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான் லா. எந்த ஊருன்னு யாரு கேட்டா?" என்றார். மரபணுவை மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே இடம்.

வெளிநாட்டுத் தேர்வாளர் நம்பவில்லை. மாதிரி கலந்துபோயிருக்கும் என்றார். இலையைப் பார்த்தால் இந்தக் குட்டைகள் எல்லாம் ஒரே ஜாடை. பூவைப் பார்த்தால்தான் ஆளை அடையாளம் தெரியும். ஆகவே, பூத்த தண்டு ஒன்றை இலையோடு வெட்டி, அழுத்தி உலர்த்தி, உலர்செடிக் காப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்கி வா. இல்லையென்றால் அந்த அத்தியாயத்தையே தூக்கிவிடு என்று எழுதிவிட்டார். அந்த அத்தியாயத்தைத் தூக்கினால் ஆய்வேட்டில் மிஞ்சுவது நன்றியுரைதான்.

பூவுக்காக லோகேஸ்வரி நான்கு வருடம் காத்திருந்தாள். பல்கலைக்கழகப் பசுமைக்கூடத்தில் வைத்திருந்த எட்டுத் தொட்டியையும் நத்தைகள் தின்று தீர்த்தன. சாதாரண நத்தைகளா? சிலாங்கூர் மாநிலத்து நத்தைகள் அத்தனையும் டோல் கட்டிக்கொண்டு வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. மிஞ்சியது வீட்டு வாசலில், அடுக்குமாடியின் ஏழாவது மாடி நடைவழியில் இருந்த ஒரே ஒரு தொட்டி. அது நான்கு வருடமும் ஊமையாக இருந்துவிட்டு, கடைசித் தவணை முடிகிற வாரம் பார்த்து, திங்கட்கிழமை காலையில் பதினோரு தண்டில் ஏழின் நுனியில் அரும்பு கட்டிக்கொண்டு நின்றது.

லோகேஸ்வரி ஆனந்தத்தில் லிப்டைக்கூட மறந்து ஏழு மாடி படியிறங்கி ஓடினாள். மேற்பார்வையாளர் டாக்டர் நஸ்ரினுக்குப் போன் போட்டாள். "விரியட்டும். புதன்கிழமை சாயங்காலம் வெட்டு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள என் மேசையில காப்பக எண் இருக்கணும். அதுக்கு மேல யாரு காலுல விழுந்தாலும் தவணை கிடையாது, லோகேஸ்" என்றார் அவர்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கை விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம். முகூர்த்தக்கால் நடுவது புதன்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். லோகேஸ்வரிக்கு அன்று காலை ஆய்வகத்தில் வேலை. ஒரு தொட்டிச் செடிக்கும் ஒரு முகூர்த்தக்காலுக்கும் என்ன சம்பந்தம் இருக்கப்போகிறது என்று அவள் போய்விட்டாள்.

போனவள் மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது, இருபத்தேழாம் எண் மஞ்சள் பூசிக்கொண்டு, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, மஞ்சள் துணியில் நவதானிய முடிச்சும் மாவிலையும் கட்டிக்கொண்டு, பால் குளித்து, வாசலில் மணப்பெண் மாதிரி நின்றது. அதன் முன்னால் ஒரு குத்துவிளக்கு. குத்துவிளக்கின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லெட்சுமியம்மாள் காவல்.

"அம்மா!" என்றாள் லோகேஸ்வரி.

"கத்தாத. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றார் லெட்சுமியம்மாள்.

நடந்தது இதுதான். கிள்ளானில் பந்தல் போடுகிற நாகையா பத்தடி மூங்கிலை லோரியில் கொண்டுவந்தார். மூங்கில் லிப்டுக்குள் போகவில்லை. படி வழியாகத் தூக்கினால் மூன்றாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, ஐந்தாம் வீட்டுச் சீனத்து ஆன்டியின் செருப்பு அலமாரியைத் தட்டிவிட்டது. கீழே கார் நிறுத்துமிடத்தில் நடலாம் என்றால், காவலாளி ஓடிவந்து "தா போலே அக்கா, தா போலே" என்று மலாயில் தடுத்து, மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாதியாக அறுக்கலாம் என்றார் நாகையா. முகூர்த்தக்காலை அறுப்பதா என்று கிழவிகள் ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் அலறினார்கள். மணி எட்டே முக்கால். ஐயருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி.

"அப்பத்தான் எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு" என்றார் லெட்சுமியம்மாள், முகம் பூரித்து. "ஆறு வருஷமா என் மக சொல்றா, இதுவும் மூங்கில்தான்னு. நான்தான் காதுல வாங்கல. தொட்டியத் தூக்கி நடுவுல வச்சேன். ஐயர், 'மூங்கில்தானேம்மா?'ன்னாரு. 'என் மூத்த மக இதுக்குத்தான் பட்டமே வாங்குறா'ன்னேன். மந்திரத்தச் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு."

ஆறு வருடம்! அறுபது கருத்தரங்கில் பேசினாலும் கிடைக்காத அங்கீகாரம், அதைக் கொடுக்கவே மாட்டேன் என்றிருந்த ஒரே ஆளிடமிருந்து, வேண்டவே வேண்டாத நாளில் வந்து விழுந்தது. லோகேஸ்வரி அந்த நடைவழித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏய்! என்னடி கையில?"

"அம்மா, ஒரே ஒரு தண்டு. பூவோட. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா என் ஆறு வருஷமும் சாக்கடை லொங்காங்ல போயிரும்மா."

"முகூர்த்தக்கால்ல இரும்பு வைக்கிறதா? கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள்தான் எடுக்கணும். அதுவரைக்கும் ஒரு இலை கிள்ளக் கூடாது. பூ எதுக்குப் பூத்திருக்கு? சுபகாரியம்னு தெரிஞ்சு பூத்திருக்கு."

"சுபகாரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. அதோட வயசுக்குப் பூத்திருக்கு."

"நாலு வருஷம் பொறுத்த. நாலு நாள் பொறுக்க முடியாதா? அந்தப் பரீட்சை சாரை ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வரச் சொல்லு. சாப்பிட்டுட்டு வந்து இங்கயே பார்த்துட்டுப் போகட்டும்."

"அவரு இங்கிலாந்துல இருக்காரும்மா!"

"பிளைட் இல்லையாக்கும்?"

லோகேஸ்வரியின் அப்பா சின்னையா உள்ளே டிவியின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்துக்கொண்டார். முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கற்ற ஒரே தற்காப்புக் கலை அது.

தங்கை விஷ்ணுப்ரியா கையில் மருதாணியோடு, அக்காவை அறைக்குள் இழுத்துப்போனாள். அவளிடம் ஒரு யோசனை இருந்தது. "சிம்பிள் லா அக்கா. அது மூங்கில் இல்ல, வெறும் புல்லுன்னு சொல்லிடு. அம்மா பதறிப்போய் வேற நட்டுருவாங்க. உனக்குத் தொட்டி பிரீ."

"நானா? நான் போய் அது மூங்கில் இல்லைன்னு சொல்றதா?"

"அஞ்சு நிமிஷத்துக்குச் சொல்லு. தீசிஸ்ல மாத்தி எழுதிக்க."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது மூங்கில் என்று நிரூபிக்கத்தான் அந்தத் தண்டு வேண்டும். அந்தத் தண்டு வேண்டுமென்றால் அது மூங்கில் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இப்படி ஒரு முட்டுச்சந்து கிள்ளான் பட்டணத்து ஒருவழிச் சாலைகளில்கூடக் கிடையாது. இருந்தாலும், பொய்தானே, ஒரே ஒரு பொய்தானே என்று எழுந்து வாசலுக்குப் போனாள். வாயைத் திறந்தாள். லெட்சுமியம்மாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, மூத்தவதான். மூங்கில்ல டாக்டர். உலகத்துலேயே நாலஞ்சு பேருக்குத்தான் தெரியுமாம் இந்த வகை. அதுல ஒருத்தி நம்ம லோகேஸ்... இல்ல, புல்லு இல்ல! புல்லுன்னு யாரு சொன்னா?"

லோகேஸ்வரி திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா நீட்டிய மீ கோரெங் பொட்டலம் மட்டும் எப்படியோ இறங்கியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் டாக்டர் நஸ்ரின் ஆறு தடவை கூப்பிட்டார். ஆறாவது தடவை, "எங்க வீட்டுல யாராவது என் மாதிரியில பால் ஊத்தியிருந்தா நான் வீட்டையே உலர்த்தி ஒட்டியிருப்பேன்" என்றார். "மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்தா ஒரு ராத்திரி சூட்டுப்பெட்டியில வச்சு உலர்த்திரலாம். இல்லைன்னா, அத்தியாயத்த எடுத்துரு லோகேஸ். எனக்கும் வருத்தம்தான்."

பதினொன்றரை மணிக்குப் பந்திங் சம்பந்தியம்மாள் வந்திறங்கினார். மாப்பிள்ளை பிரவினின் அம்மா. சீர்த்தட்டு ஒன்பது, சொந்தக்காரப் பெண்கள் பதினாறு, எல்லோருக்கும் நடுவே அவர். பந்திங்கில் அவர் தும்மினால் டெங்கில்வரை நல்லா இருங்க என்று சொல்வார்கள். அப்படி ஒரு கம்பீரம். வாசலில் செருப்பைக் கழற்றியவர், விளக்கின் முன்னால் குனிந்து கும்பிட்டார். கும்பிட்டவர் நிமிரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"சம்பந்தி, இது என்ன?"

"முகூர்த்தக்கால் சம்பந்தி."

"கால் எங்க? எனக்குப் புல்லுதான் தெரியுது."

"மூங்கில்தான் சம்பந்தி. அசல் மூங்கில். மூத்தவ இதுலதான் டாக்டர் பட்டம் வாங்குறா."

"மூங்கிலா?" சம்பந்தியம்மாளின் விரல் தண்டின் நுனியில் போய் நின்றது. "அப்ப இது என்ன, பூவா?"

"ஆமா, பூ! மங்கலமா..."

"மூங்கில் பூத்தா ஊருக்கே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் சம்பந்தியம்மாள். "மூங்கில் பூத்தா எலி பெருகும், பஞ்சம் வரும், பூத்த மூங்கில் பட்டுப்போகும். என் பிள்ளை கல்யாணத்துக்குப் பட்டுப்போற மரத்தையா முகூர்த்தக்காலா நட்டிருக்கீங்க?"

பதினாறு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்ததில் குத்துவிளக்கு அணையப்பார்த்தது. லெட்சுமியம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. மூங்கில் என்றால் அபசகுனம். மூங்கில் இல்லை என்றால் முகூர்த்தக்காலே நடவில்லை. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். லோகேஸ்வரி தன் வாழ்நாளில் எத்தனையோ தேர்வாளர்களைப் பார்த்தவள். இப்படி ஒரு பார்வையை எவரும் அவள்மேல் வைத்ததில்லை.

"நீ சொல்லும்மா" என்றார் சம்பந்தியம்மாள். "படிச்ச பிள்ளை. இது மூங்கிலா, இல்லையா? ஒரே வார்த்தை."

இல்லை என்று சொன்னால் போதும். தொட்டி இந்த நிமிடமே கைக்கு வந்துவிடும்.

"மூங்கில்தான் ஆன்டி" என்றாள் லோகேஸ்வரி.

"அப்ப பட்டுப்போகுமா?"

"போகாது. நீங்க சொல்றது அண்ணன்காரன் கதை ஆன்டி. மூங்கில் குடும்பத்துல மூணு கிளை. குளிர் தேசத்துல கட்டையாகிறது ஒண்ணு, நம்ம மாதிரி வெயில் தேசத்துல கட்டையாகிறது ஒண்ணு, கட்டையே ஆகாத இந்தக் குட்டை ஒண்ணு. தாய்வழிச் சொத்து மாதிரி அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்ற மரபணு இருக்கு. அத வச்சுப் பார்த்தா நம்ம ஊரு மூங்கிலும் இந்தக் குட்டையும்தான் நெருங்கின உறவு. ஆனா குணம் வேற. அண்ணன்மாருங்க பலதும் முப்பது வருஷம், நாப்பது வருஷம் பூக்காம இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரே தடவையில பூத்துட்டுச் செத்துப்போகும். நீங்க கேள்விப்பட்ட எலி, பஞ்சம் எல்லாம் அதால வர்றது. இந்தத் தம்பி அப்படி இல்ல. தோணும்போதெல்லாம் பூக்கும். பூத்துட்டுப் பேசாம வேலையப் பார்க்கும். சாகாது."

"எங்க வீட்டுலயும் ரெண்டும் அப்படித்தான்" என்று முணுமுணுத்தார் கூட்டத்தில் ஒரு பெண்மணி. "மூத்தவன் ஒரே தடவையில எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டான்."

"பங்காளிங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார் சம்பந்தியம்மாள். பந்திங்கில் எந்தச் சம்பந்தத்துக்கும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"எல்லாரும் அமெரிக்காப் பக்கம், பிரேசில் அங்க இங்கன்னு. இது மட்டும் முதல்லயே பாகம் பிரிஞ்சு நியூ கினியில இருந்துருச்சுன்னு நினைக்கிறேன். அதத்தான் நான்..." அவள் தண்டின் நுனியைக் காட்டினாள். "அதத்தான் நான் நிரூபிக்கணும். பூவ வச்சு."

சம்பந்தியம்மாள் இன்னொரு தடவை குனிந்து செடியைப் பார்த்தார். பாகம் பிரிந்து தனியாகப் போய்ப் பிழைத்துக்கொண்டவர்கள்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் கணவரும் அப்படி வந்தவர்தான்.

"சரி. சாகாதுன்னு சொல்ற. நம்புறேன்" என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க இருநூறு பேரு இந்த வாசல மிதிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நீ அண்ணன் தம்பி கதை சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா? மூங்கில் இருக்கட்டும். பூ வேணாம். எடுத்துரு."

"எடுத்துரு" என்றார்கள் பதினாறு பெண்களும்.

லோகேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். நேற்றைக்கு ஒரு இலை கிள்ளவிடாத லெட்சுமியம்மாள், "பார்த்துக்கிட்டு நிக்கிறியே, எடு சீக்கிரம்! கத்தரிக்கோல் எங்க?" என்று அதட்டினார்.

"இரும்பு வைக்கக் கூடாதுன்னீங்க?"

"சம்பந்தி சொல்றாங்கல்ல!"

"பூவ மட்டும் கிள்ள முடியாதும்மா. தண்டு நுனியில வந்திருக்கு. இலையோட, தண்டோடதான் எடுக்கணும்." சொல்லும்போதே அவளுக்குத் தன் அதிர்ஷ்டத்தின்மேல் சந்தேகம். காப்பகத்துக்கு இரண்டு போதும், கூட ஒன்று கேட்டுப் பார்ப்போமே என்று, "மூணு தண்டு எடுத்துக்கட்டா?" என்றாள்.

"மூணா? நல்ல காரியத்துல மூணு என்ன மூணு" என்றார் சம்பந்தியம்மாள். "ஏழும் பூத்திருக்கு. ஏழையும் எடு."

பன்னிரண்டரை மணிக்கு லோகேஸ்வரி ஏழு தண்டுகளையும் பழைய நாளிதழ்த் தாள்களுக்கு நடுவில் விரித்து, இரண்டு சட்டங்களுக்கிடையே இறுக்கிக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரயிலுக்கு ஓடினாள். வாசல் தொட்டியில் பூக்காத நான்கு தண்டுகள், மஞ்சள் துணியின் தயவில் இன்னும் முகூர்த்தக்காலாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த இருநூறு பேரில் நூற்றைம்பது பேர் கீரை என்றார்கள். லெட்சுமியம்மாள் நூற்றைம்பது பேரிடமும் சண்டைக்குப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகலே ஆய்வகத்தில் டாக்டர் நஸ்ரினும் அவளும் மாறி மாறி உருப்பெருக்கியில் கண் வைத்தார்கள். பெண் பூவின் உமி முனையில், அமெரிக்கக் கூட்டத்தில் இல்லாத ஒரு நீண்ட கூர்முனை மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தது. நியூ கினி ஒண்டிக்கட்டைக்கு மட்டும் உள்ள அடையாளம். டாக்டர் நஸ்ரின் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் அப்படிச் சுற்றியதை அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை.

"சந்தோஷப்பட இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லி, உடனே விறைப்பானார். "தண்டு ஏன் மஞ்சளா இருக்கு? நோயா?"

"இல்ல டாக்டர். மஞ்சள்."

"அதத்தான் கேக்குறேன்."

"மஞ்சள்தான் டாக்டர். பூசினது. நெற்றியில குங்குமமும் இருந்துச்சு, துடைச்சுட்டேன்."

"துடைச்சியா? மாதிரியில எதையும் மாத்தக் கூடாது, மறைக்கவும் கூடாது. சீட்டுல எழுது, எல்லாத்தையும்."

வெள்ளிக்கிழமை நான்கு ஐம்பதுக்குக் காப்பக எண் கிடைத்தது. நான்கு ஐம்பத்தைந்துக்கு அத்தியாயம் போனது. இங்கிலாந்துத் தேர்வாளர் இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டு எழுதினார். இணைப்புச் சீட்டில் ஒரு வரி மட்டும் தமக்கு விளங்கவில்லை, விளக்கினால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். அந்த உலர்செடித் தாளின் மூலையில், லோகேஸ்வரியின் கையெழுத்தில், மாதிரி எடுத்த இடம் பிரிக்பீல்ட்ஸ், ஏழாவது மாடி நடைவழி என்று இருந்தது. அதன் கீழே, வளர்ந்த சூழல் என்ற கட்டத்தில்: "தொட்டி. பால், மஞ்சள், ஒன்பது தானியம் இடப்பட்டது. மாப்பிள்ளையின் தாயார் உத்தரவின்பேரில் வெட்டப்பட்டது."